கூந்தல் உதிரும் காலம்

மகப்பேறு நிகழ்ந்து மூன்று திங்கள் ஆகியிருக்கும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கப் பழகியிருக்கும். இன்பமான அந்த நாட்களில்தான், ஒரு காலைப் பொழுதில், தலை வாரும் தாயின் சீப்பில் கற்றை கற்றையாக மயிர் வந்து சேரும். குழந்தை முகம் பார்த்துச் சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதை நேயர்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இதை வெறும் பேதைமை என்று தள்ளிவிட வேண்டா. காலத்தை அவர்கள் சரியாகவே கணித்திருந்தனர், காரணத்தைத்தான் அறியவில்லை. அந்தக் காரணம் கண்டறியப்பட்ட வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

மயிர் உதிர்வதற்கு மருத்துவ நூல்கள் வழங்கும் பெயர் ‘அலோபீசியா’ என்பது. கிரேக்க மொழியில் நரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது இது. சொறி பிடித்த நரியின் மயிர் திட்டுத் திட்டாக உதிர்வதைக் கண்டு வைத்த பெயராகும். அந்நாட்டுப் பேரறிஞரான அரிஸ்டாட்டில், பெண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று எழுதி வைத்தார். வழுக்கையைப் பற்றிய பேச்செல்லாம் நெடுங்காலம் ஆடவர் தலையையே சுற்றி வந்தது.

எனினும் மக்கள் ஒன்றைக் கவனித்தே வந்தனர். கடுங்காய்ச்சல் வந்து தீர்ந்தவர்களுக்கும் இவ்வாறே முடி கொட்டிற்று. 1918-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுயன்சாக் காய்ச்சலில் பிழைத்தவர்கள் பலர், உடல் தேறிய பிறகு கூந்தலை இழந்தனர். காய்ச்சலுக்கும் மகப்பேற்றுக்கும் பொதுவானது யாது? நோய் வந்தபோது கொட்டாமல், நோய் போனபின் கொட்டுவது ஏன்? இவ்விரு வினாக்களும் விடையின்றி நின்றன.

விடைக்கு வழி திறந்தது எளியதொரு செயல்: மயிரை அளப்பதும் எண்ணுவதும். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் அறிஞராக விளங்கிய மில்ட்ரெட் டிராட்டர் அம்மையார், உடலின் பல பகுதிகளில் மயிர் எவ்வளவு காலம் வளர்கிறது என்று அளந்து, 1924-இல் வெளியிட்டார். மழித்தால் மயிர் தடித்து வளரும் என்னும் நம்பிக்கையையும் அவர் அளந்து பார்த்தார். அது உண்மையன்று என்று 1928-இல் காட்டினார்.

1926-இல் டிரை என்னும் ஆங்கில அறிஞர் எலியின் மயிரை ஆராய்ந்து நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் மூன்று பருவங்கள் உண்டு என்று அவர் கண்டார். வளரும் பருவத்துக்கு அனாஜென், ஒடுங்கும் பருவத்துக்குக் காட்டாஜென், ஓய்ந்திருக்கும் பருவத்துக்கு டெலோஜென் என்று பெயரிட்டார். இன்றும் உலகெங்கும் மருத்துவர் வழங்கும் சொற்கள் இவையே.

எலிக்கும் மனிதனுக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. தேக்கு மரம் கோடையில் தன் இலையெல்லாம் ஒருசேர உதிர்த்து நிற்கும். மாமரமோ ஆண்டு முழுதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிர்க்குமேயன்றி வெறுமையாக நிற்பதில்லை. எலியின் தோலில் மயிர்கள் கூட்டங் கூட்டமாக ஒரே காலத்தில் வளர்ந்து ஓய்கின்றன. அது தேக்கின் இயல்பு. மனிதத் தலை மாமரத்தின் இயல்புடையது. நம் தலையில் ஏறத்தாழ ஓரிலட்சம் மயிர்கள் உள்ளன. அவற்றில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை வளர்பவை. ஓய்வில் இருப்பவை சிலவே. நாள்தோறும் 50 முதல் 100 வரை உதிர்வதால் யாருக்கும் குறை தெரிவதில்லை.

அப்படியானால் தாயின் தலையில் நிகழ்வது என்ன? 1957-இல் அமெரிக்க மருத்துவரான வான் ஸ்காட்டும் அவர்தம் துணைவரும், பிடுங்கிய மயிர்களின் வேரை நுண்ணோக்கியில் பார்த்து, எது எப்பருவத்தது என்று கணக்கிட்டனர். 1960-இல் லின்ஃபீல்ட் அம்மையார் இவ்வாறே கருவுற்ற பெண்களின் மயிரை எண்ணினார். கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில், வளரும் மயிர் நூற்றுக்கு 90-க்கு மேல் இருந்தது. மகப்பேற்றுக்குப் பின் சில வாரங்களில் அது 80-க்கும் கீழே இறங்கிற்று. கருவுற்ற காலத்தில் மிகும் ஈஸ்ட்ரோஜென் முதலிய சுரப்புகள் மயிரை வளரும் பருவத்திலேயே நிறுத்தி வைக்கின்றன. பிள்ளை பிறந்ததும் அச்சுரப்புகள் குறைகின்றன. நிறுத்தி வைக்கப்பட்டவை எல்லாம் ஒருங்கே ஓய்வுக்குச் செல்கின்றன. மாமரமாக இருந்த தலை சிறிது காலம் தேக்கு மரமாகிறது!

1961-இல் கிளிக்மன் என்னும் தோல் மருத்துவர் இதற்கு ‘டெலோஜென் எஃப்ளூவியம்’ என்று பெயரிட்டார். காய்ச்சல், மகப்பேறு ஆகியவற்றின் பின் வரும் உதிர்வுகளை அவர் ஒரே நிகழ்ச்சியின் கீழ்க் கொணர்ந்தார். ஓய்வுக்குச் சென்ற மயிர் உடனே விழுவதில்லை. ஏறத்தாழ மூன்று திங்கள் தங்கியே விழுகிறது. குழந்தை சிரிக்கும் காலமும் கூந்தல் உதிரும் காலமும் ஒத்து வருவது இதனாலேதான்.

இவ்வறிவால் விளையும் பயன் பெரிது. உதிர்ந்த மயிரின் வேர்க்கால் அழிவதில்லை. பெரும்பாலோர்க்கு ஓராண்டுக்குள் முடி மீண்டும் வளர்கிறது. இடையில் எந்தத் தைலம் பூசினாலும் புகழ் அந்தத் தைலத்துக்கே போய்ச் சேரும். பால் கொடுப்பதால்தான் முடி போகிறது என்று அஞ்சிக் குழந்தைக்குப் பாலை நிறுத்திய தாய்மாரும் உண்டு. அவ்வச்சம் தேவையற்றது.

ஆனால் வரலாறு இங்கே முடியவில்லை. ஓராண்டு கடந்தும் உதிர்வு நில்லாத பெண்களும் இருக்கின்றனர். “எல்லோருக்கும் வருவதுதானே” என்னும் ஆறுதல் அவர்களுக்குத் தீங்காகவும் முடியலாம். பேற்றுக் காலத்தில் குருதி இழந்து இரும்புச் சத்துக் குறைந்திருக்கலாம். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி கெட்டிருக்கலாம். 1982-இல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்கு 5 பேருக்கு மேல் அச்சுரப்பியின் கோளாறு காணப்பட்டது. சிலருக்கு உச்சந்தலை வகிடு மெல்ல அகன்று வரும்; இப்பரம்பரை இயல்பை 1977-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் மூன்று படிகளாக வகுத்துக் காட்டினார். அரிஸ்டாட்டிலின் கூற்று பொய்யாயிற்று. இவற்றில் எது என்பதைக் குருதிச் சோதனையும் மருத்துவர் கண்ணும்தான் சொல்லும். தைலப் புட்டி சொல்லாது.

2020-இல் கொரோனா நோய் பரவியபோது, குணமாகிச் சில திங்கள் சென்றபின் முடி உதிர்வதாகப் பலர் அஞ்சி வந்தனர். மருத்துவர்கள் திகைக்கவில்லை. எலியின் மயிரை எண்ணியவரும், கருவுற்ற பெண்களின் மயிரை எண்ணியவரும் முன்பே விடை எழுதி வைத்திருந்தனர். உங்கள் தமக்கையோ அண்ணியோ சீப்பைப் பார்த்துக் கலங்கி நிற்கும்போது, இந்த விடையை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஓராண்டு சென்றும் கலக்கம் தீராவிடில், மருத்துவரிடம் உடன் செல்லுங்கள்.