ரோமானியக் காசு: குறைந்த செலவில் சேர்க்கலாம்

பழைய மலாயாக் காசுகளைச் சேர்க்கும் பழக்கமுள்ளவர்கள் பீடோரில் இருந்தபடியே ரோமானியக் காசும் சேர்க்கலாம். தங்கத்தின் மீது மட்டும் ஆசை வைக்கக்கூடாது. 1898இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை அருகே கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகள் போன்றவை சம்பளக்காரர்களுக்கு எட்டாதவை.

எட்டுவது செப்புக் காசு. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அன்றாடப் புழக்கத்துக்காக ஏராளமாக அச்சடிக்கப்பட்ட சிறு காசுகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த இத்தகைய காசுகளை ஆராய்ந்து, 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் ஒரு நூலே வெளியிட்டார்.

மலிவான காசிலும் அரியது உண்டு. பின்பக்கத்தின் அடியில் உள்ள எழுத்துகள், அது அச்சடிக்கப்பட்ட நகரைக் காட்டும். அதே பேரரசர், அதே உருவம் என்றாலும் நகரக் குறி மாறினால் காசு அரிதாகிவிடலாம். அந்த எழுத்துகளைப் படிக்கப் பழகுவதே சிறந்த முதலீடு.

கவனிக்க வேண்டியவை

• விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தால், அது வார்த்தெடுத்த போலியாக இருக்கலாம்.

• புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மேற்படிவம் போனால் மதிப்பும் போய்விடும்.

• ரசீதும், காசு யாரிடமிருந்து வந்தது என்ற விவரமும் தரும் வணிகரிடமே வாங்குங்கள்.

• தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா செல்வோர் அங்கு விற்கும் பழங்காசுகளை வாங்கிவரக் கூடாது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வது குற்றம்.