ஊவாவின் வைத்தியசாலைக் கேள்விப்பத்திரங்கள்

ஒவ்வோர் ஆண்டும் இறுதி மாதங்களில், அடுத்த ஆண்டுக்கான வழங்குநர்களைப் பதிவு செய்யுமாறு கோரும் அரச அறிவித்தல்கள் பத்திரிகைகளில் இடம்பெறுகின்றன. நம்மவர்களுள் பெரும்பாலானோர் அவற்றைப் புரட்டிவிட்டுச் செல்கின்றனர். ஆயினும், நோயாளர் விடுதியில் வழங்கப்படும் பாணும் முட்டையும் மரக்கறியும், துப்புரவுப் பணியும், காவற்கடமையும், சலவையும், மருத்துவக் கழிவகற்றலும் எவருடைய கைக்குப் போகும் என்பதற்கு அவ்வறிவித்தலே தொடக்கமாகின்றது. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை நகரங்களில் வணிகம் புரியும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்கள் இதனை அறிந்திருத்தல் அவசியமென நாம் கருதுகின்றோம்.

கேள்விப்பத்திரம் கோருபவர் யார் என்பதில்தான் முதற் குழப்பம் ஏற்படுகின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் சுகாதாரத்தின் பெரும்பகுதி மாகாண சபைகளுக்குக் கையளிக்கப்பட்டது. போதனா வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சின் கீழேயே உள்ளன. ஆகவே, பதுளை நகரின் பெரிய வைத்தியசாலைக்குரிய பெறுகை ஒரு வழியிலும், கிராமப்புறப் பிரதேச வைத்தியசாலைகளுக்குரியவை மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் ஊடாக வேறொரு வழியிலும் நடைபெறுகின்றன. ஓரிடத்திற் செய்த பதிவு மற்றோரிடத்திற் செல்லுபடியாகுமென எண்ணி ஏமாறுதல் கூடாது.

இவ்விரண்டு வழிகளிலும் அடங்காத மூன்றாவது உலகமொன்றும் உண்டு. 1872இல் தொடங்கிய வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டங்களின் காலந்தொட்டுத் தோட்ட வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே வளர்ந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரும் அந்நிலை முற்றாக மாறவில்லை. சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஏனையவை தோட்ட வைத்திய உதவியாளருடனும் ஒரு மருந்தகத்துடனும் நின்றுவிட்டன. அரசு பொறுப்பேற்காத மருந்தகத்துக்கு எந்த அரச கேள்விப்பத்திரமும் பொருள் கொண்டுவருவதில்லை. லயத்திலிருந்து முச்சக்கரவண்டிக்குப் பணம் கொடுத்து நகரத்து வைத்தியசாலைக்கு வருபவர், அங்கும் "வெளியே வாங்கி வாருங்கள்" என்ற சீட்டுடன் திரும்ப நேருமாயின், அந்த மருந்தை வழங்கும் ஒப்பந்தம் எங்கே தடைப்பட்டது என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

இனி, நடைமுறையைக் கவனிப்போம். நீண்ட காலம் நடைமுறையிலிருந்த 2006ஆம் ஆண்டின் அரச பெறுகை வழிகாட்டிகளுக்குப் பதிலாக, புதிய வழிகாட்டிகள் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. அடிப்படை ஒன்றே. குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் மனு ஏற்கப்படாது. கேள்விகள் சமர்ப்பித்தவர்கள் முன்னிலையிலேயே திறக்கப்படுகின்றன. அவ்வேளையில் அங்கிருந்து ஏனையோரின் விலைகளைக் குறித்துக்கொள்ளத் தவறக்கூடாது. தொழினுட்ப மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து பெறுகைக் குழுவுக்குப் பரிந்துரை செய்கின்றது. வெறுமனே குறைந்த விலை வெல்வதில்லை. நிபந்தனைகளைப் பூர்த்தி செய்த மனுக்களுள் மதிப்பீட்டின்படி குறைந்ததே வெல்கின்றது. வியாபாரப் பெயர்ப் பதிவு, கேள்விப் பிணை, முன்னனுபவச் சான்று, கையொப்பமிட்ட ஒவ்வொரு பக்கம் என்பவற்றுள் ஒன்று குறைந்தாலும் மலிவான விலையால் பயனில்லை. 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரச ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழான பதிவும் வேண்டும்.

துப்புரவு, காவல் ஒப்பந்தங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. அவற்றின் விலையில் பெரும்பங்கு ஊழியரின் கூலியே. 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டமும் ஊழியர் சேமலாப நிதியும் இருக்கையில், அவற்றின் கூட்டுத்தொகைக்கும் குறைவாக விலை கூறுபவர் அந்தக் குறைவை எங்கிருந்து நிரப்புவார்? விடுதியைக் கழுவும் பெண்ணின் சம்பளத்திலிருந்துதான். அவர் பெரும்பாலும் நம் தோட்டத்துப் பெண்ணாகவே இருப்பார். இத்தகைய விலையை மதிப்பீட்டுக் குழு நிராகரிக்க வேண்டும். நம் வர்த்தகர்களும் அவ்வழியில் வெற்றி தேடக்கூடாது.

மருந்து விடயம் இன்னும் பாரதூரமானது. ஊவாவின் பிபிலை என்ற ஊர்ப்பெயரைத் தம் பெயரிற் கொண்ட பேராசிரியர் சேனக பிபிலையின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோற்றம் பெற்றது. தேவையான மருந்துகளைப் பட்டியலிட்டு, வர்த்தகப் பெயர்களை விலக்கி, உலகளாவிய கேள்வி மூலம் மொத்தமாக வாங்குவதே அவரது வழி. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அவசரக் கொள்முதல் என்ற பெயரில் அவ்வொழுங்கு தளர்ந்தபோது நேர்ந்ததை நாடு அறியும். தரமற்ற இம்யூனோகுளோபுலின் கொள்முதல் விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். மத்திய களஞ்சியத்தில் மருந்து இல்லாதபோது வைத்தியசாலைகள் உள்ளூரில் விலைமனு கோரி வாங்குகின்றன. அதில் பங்கேற்கும் மருந்தக உரிமையாளர், தாம் வழங்கும் மருந்து தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு பெற்றதா, குளிரூட்டற் சங்கிலி அறுபடாது வந்ததா என்று உறுதிசெய்தல் கட்டாயம்.

இவ்வளவும் அறிந்த பின்னரும் நம்மவர் முன் இரு தடைகள் நிற்கின்றன. ஒன்று மொழி. தமிழ் அரசகரும மொழியாயிருந்தும், பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாயிருந்தும், கேள்வி ஆவணங்கள் தமிழிற் கிடைப்பது அரிது. மற்றையது கொடுப்பனவுத் தாமதம். மாதக்கணக்கிற் பணத்துக்குக் காத்திருக்க இயலாத சிறு வர்த்தகர், முதலீடு மிக்க வெளிமாவட்ட நிறுவனங்களுக்கு இடம்விட்டு ஒதுங்குகின்றார்.

இவை குறித்துக் கேட்க வேண்டிய மாகாண சபையோ, 2014இல் தெரிவாகி 2019இல் பதவிக்காலம் முடிந்து கலைந்தது. அதன் பின்னர் ஆளுநரின் நிர்வாகமே. மக்கள் பிரதிநிதி இல்லாத இடத்தில் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் எஞ்சியுள்ளது. தோல்வியுற்ற கேள்விதாரர் மட்டுமன்றி, எந்தப் பிரசையும் ஒப்பந்தம் எவருக்கு, எவ்விலைக்கு வழங்கப்பட்டது என எழுத்து மூலம் தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது முடிவை அறிவிக்க வேண்டும். மறுக்கப்பட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.