மூக்குச் சீரமைப்பு அறுவை

சிதைந்த மூக்கைத் திரும்ப உருவாக்கவும், மூக்கின் வடிவத்தை மாற்றவும், அடைபட்ட மூச்சுவழியைத் திறக்கவும் செய்யப்படும் அறுவை மருத்துவம். மக்கள் இதை மூக்கு பிளாஸ்டிக் சர்ஜரி என்பர். முகத்தில் செய்யப்படும் ஒட்டறுவைகளுள் மிகத் தொன்மையானவற்றில் ஒன்று இது. இந்தியா உலக மருத்துவத்துக்கு அளித்த கொடைகளில் இதற்கு இணையானவை சிலவே.

அமைப்பு: மூக்கின் மேற்பகுதி எலும்பாலும், நடுவும் நுனியும் குருத்தெலும்பாலும் ஆனவை. மூக்கின் மேட்டை இரு விரலால் பிடித்து அசைத்தால் அது அசையாது. நுனியோ எந்தப் பக்கமும் வளையும். உள்ளே இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரே முழு மூக்கையும் தாங்குகிறது. அது கோணினால் மூச்சு தடைபடும். அரித்துப்போனால் மூக்கு உள்வாங்கிச் சப்பையாகும்.

தொன்மை: எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் ஏடு, உடைந்த மூக்குக்குத் துணித்திரி வைத்துக் கட்டும் முறையைச் சொல்கிறது. ஆனால் இல்லாத மூக்கைப் புதிதாக ஆக்கும் முறையைத் தெளிவாக விளக்குவது சுசுருத சம்கிதை என்னும் பண்டைய இந்திய மருத்துவ நூலே. இந்நூலின் பழைய ஓலைச்சுவடி ஒன்று நேபாளத்தில் உள்ளது, அது கி.பி. 878இல் எழுதப்பட்டது. இதன் சூத்திரத்தானம் என்னும் பகுதியின் 16ஆம் இயல் காது குத்துவதில் தொடங்கி, அறுந்த காதுமடலை ஒட்டும் 15 வகைகளைக் கூறி, அதன் இறுதியில் மூக்குக்கு வருகிறது. அறுபட்ட மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அதே அளவுக்குக் கன்னத்துத் தோலை அடி அறாமல் உரித்து, மூக்கின் விளிம்பைக் கீறிப் புண்ணாக்கி அதன்மேல் பொருத்த வேண்டும். மூச்சுக்காக இரு குழல்களைச் செருகி, அதிமதுரம் முதலியவற்றின் பொடி தூவி, பஞ்சால் மூடி, நல்லெண்ணெயால் நனைத்து வர வேண்டும். நோயாளிக்குக் குடிக்க நெய். ஒட்டிய மூக்கு சிறுத்தால் வளர்க்கவும் மிகுந்தால் குறைக்கவும் நூல் வழி சொல்கிறது.

மூக்கறுப்பு இந்நாட்டில் தண்டனையாகவும் போர்க்கொடுமையாகவும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் மன்னர் கந்தீரவ நரசராசரின் படை மதுரை நாட்டில் புகுந்து மக்களின் மூக்கை அறுத்தது. திருமலை நாயக்கர் காலத்து அப்போரை மூக்கறுப்புப் போர் என்றே வரலாறு குறிக்கிறது. அறுபட்டவர்கள் இருந்ததால் ஒட்டுபவர்களும் இருந்தனர். இமயத்தின் காங்கடாப் பள்ளத்தாக்கிலும் மராட்டிய நாட்டிலும் சில குடும்பங்கள் இக்கலையைத் தலைமுறையாகக் காத்துவந்தன.

பூனா அறுவை: திப்பு சுல்தானுடன் 1792இல் நடந்த போரில் ஆங்கிலேயப் படையின் மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜி சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டார். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி இருந்த அவருக்குப் பூனா அருகே செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர் புது மூக்கு வைத்தார். மெழுகைத் தட்டி மூக்குத் தழும்பின்மேல் வடிவாக்கி, அதைப் பிரித்துத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடிட்டார். கோட்டின்படி தோலை உரித்து, இரு புருவங்களுக்கிடையே ஒரு நாடா அளவு மட்டும் அறுக்காமல் விட்டார். உரித்த தோலை அந்த நாடாவில் திருப்பிக் கீழிறக்கி, புதிதாகக் கீறிய தழும்பில் செருகினார். தையல் இல்லை. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணிக்கீற்றுகளில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு கீற்று ஒட்டினார். நான்கு நாள் கழித்து நெய் தோய்த்த துணி. பத்தாம் நாள் துளைகளில் மென்துணி. ஏறத்தாழ 25ஆம் நாள் நாடாவைத் துண்டித்தல்.

இம்முறையின் உயிர்நிலை அந்த நாடாதான். புருவத்தின் உள்முனை வழியே நெற்றிக்கு ஏறும் குருதிக்குழாய் அதற்குள் ஓடுகிறது. தோல் புது இடத்தில் வேர்பிடிக்கும்வரை பழைய இடத்திலிருந்தே குருதி பெறுகிறது. இந்த அறிவு குருதிக்குழாய்ப் படங்களிலிருந்து வந்ததன்று. தலைமுறைகளின் கைப்பழக்கத்தில் விளைந்தது. பார்த்து நின்ற பம்பாய் மருத்துவர்கள் தாமஸ் க்ரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே ஆகியோரின் பெயர்கள் பதிவாயின. 1794இல் கவாஸ்ஜியை வரைந்த ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸின் பெயரும் உள்ளது. அறுவை செய்தவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. மருத்துவ வரலாற்றில் இது பெரும் அநீதி.

ஐரோப்பா: இத்தாலியின் பொலோனியாவில் காஸ்பரே தாலியகோட்சி, மேற்கைத் தோலைத் தூக்கி மூக்கில் ஒட்டி, பல நாள் கையை முகத்தோடு கட்டிவைக்கும் முறையை 1597இல் நூலாக்கினார். நோயாளிக்குப் பெருந்துன்பம் தந்த அம்முறை அவருக்குப் பின் மங்கியது. பூனா அறுவையின் செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசினில் படத்துடன் வந்த பிறகே ஐரோப்பா மீண்டும் விழித்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ பிணங்களில் பழகி, 1814இல் லண்டனில் நெற்றித்தோல் முறையைச் செய்து, 1816இல் நூல் வெளியிட்டார். மயக்கமருந்து இல்லாத காலம் அது. 1818இல் பெர்லினின் கிரேஃப் இத்துறைக்கு ரைனோபிளாஸ்டி என்ற பெயரை நிலைபெறச் செய்தார்.

முழு மூக்குள்ளோர் வடிவுக்காக அறுவையை நாடியது பின்னர். அமெரிக்காவின் ஜான் ரோ 1887இல், வெளியே தழும்பு தெரியாமல் மூக்கின் உள்வழியே நுனியைத் திருத்தினார். பெர்லினின் யாக் ஜோசப் 1898 முதல் பெரிய மூக்குகளைக் குறைத்து, இக்காலக் கருவிகள் பலவற்றை வகுத்தார். சிதைந்த மூக்கைச் சீரமைப்பதும் தொடர்ந்தது. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளோடு அவர்களின் மூக்கையும் புருவத்தையும் சீரமைத்தார். முகம் திரும்பினால்தான் ஊர் அவர்களை ஏற்கும் என்று அவர் அறிந்திருந்தார்.

இன்றைய முறை: உள்வழி அறுவை, இரு துளைகளுக்கிடைப்பட்ட தோலைக் கீறித் தூக்கும் திறந்த அறுவை என இருவகை. மூக்கு மேட்டின் புடைப்பைச் செதுக்குவர், எலும்பை உடைத்து நேராக்குவர். குறையும் இடத்துக்கு நடுச்சுவர், காது, விலா ஆகியவற்றின் குருத்தெலும்பை வைப்பர். புற்றுநோயால் மூக்கிழந்தோருக்கு நெற்றித்தோல் முறையே இன்றும் சிறந்தது. நாடாவை அறுக்க மூன்று வாரம்போல் காத்திருப்பதும் மாறவில்லை.

நோயாளிக்கு: முகவளர்ச்சி முடியும் முன் வடிவுக்காகச் செய்வதில்லை, பெண்களுக்கு 15, 16 வயதும் ஆண்களுக்கு இன்னும் ஓரிரு ஆண்டும் ஆக வேண்டும். புகைப்பதை நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின் உட்கொள்வோர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மேற்கட்டு ஒரு வாரம்போல் இருக்கும். கண்ணடிக் கன்றல் இரு வாரத்தில் மறையும். நுனி வீக்கம் முழுதும் வற்ற ஓராண்டாகும். ஆகவே மறு அறுவையை அதற்குமுன் நாடுவது தவறு. குருதிக்கசிவு, தொற்று, மூச்சடைப்பு, கோணல் ஆகியன நேரக்கூடும். அழகை மட்டும் பார்த்து மூச்சுவழியைச் சோதிக்காத மருத்துவரிடம் போகலாகாது. அறுவையின்றி ஊசியால் ஃபில்லர் என்னும் நிரப்புப்பொருளை ஏற்றும் முறை இப்போது பரவியுள்ளது. அது குருதிக்குழாயில் புகுந்தால் தோல் அழுகலாம், பார்வையும் போகலாம், எனவே அழகுநிலையங்களில் போட்டுக்கொள்ளக் கூடாது. மருத்துவக் காப்பீடு அழகுக்கான அறுவைக்குப் பணம் தராது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்புக்குத் தரும்.