பால்மரமும் நாற்காலியும்: கெடாவின் தோட்டங்களிலும் நகரங்களிலும் மரத்தளவாட வரலாறு

கெடாவின் பழம்பெயராகிய கடாரத்தைச் சோழர் மெய்க்கீர்த்தி வழியாகப் பயின்ற மாணவர்கள், அந்நிலத்தோடு தமிழுக்குள்ள உறவைப் போர்க்களத்திலேயே தேடுவது வழக்கம். வீட்டுக்குள்ளும் அதனைத் தேடலாம். மலாய்மொழியில் கட்டிலைக் 'காத்தில்' என்பர். பெட்டியைப் 'பெத்தி' என்பர். இரண்டும் தமிழ்ச் சொற்கள். மேசை, அலமாரி ஆகிய இரண்டையும் தமிழரும் மலாய்க்காரரும் போர்த்துக்கீசியரிடமிருந்து தனித்தனியே பெற்றனர். மலாய்க்காரரின் 'கெருசி' அரபு வழி வந்தது. நாம் மட்டும் நான்கு கால் உடையது என்னும் பொருளில் நாற்காலி என்று சொந்தச் சொல்லை வைத்துக்கொண்டோம். பாண்டிமாதேவியின் தந்தக் கட்டிலை நெடுநல்வாடை விரித்துரைக்கிறது. அத்தகைய மரபைக் கொண்ட மொழியைப் பேசியோர் கெடாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தபோது, அவர்களிடம் கட்டிலும் இல்லை, நாற்காலியும் இல்லை.

1909இல் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரித்தானியர் கைக்கு மாறியது. அதன்பின் கூலிம், சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோர் ஒரு தகரப்பெட்டியும் பாயும் கொண்டு வந்தனர். அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட லயத்து அறை பெரும்பாலும் பத்தடிச் சதுரத்தை ஒட்டியது. அதற்குள் ஒரு குடும்பம் படுக்கவும், சமைக்கவும், பிள்ளை பெறவும் வேண்டும். அங்கே கட்டில் போட்டால் நடக்க இடமிராது. ஆகவே பகலில் சுருட்டி வைக்கத்தக்க பாயும், உத்தரத்தில் சேலையால் கட்டிய தூளியும், உட்காரும் மணைப்பலகையுமே தளவாடங்களாயின. இதனை எளிமை என்று போற்றுவோர் உண்டு. அறையின் அளவே அதனை முடிவு செய்தது என்பது என் கருத்து.

துரை பங்களாவின் தாழ்வாரம் வேறு உலகம். காலை நீட்டிவைக்க நெடுங்கைகள் பொருத்திய சாய்வு நாற்காலியும் பிரம்புப் பின்னலும் அங்கே கிடந்தன. இவ்விரண்டுக்கும் நடுவே நகரத்துக் கோப்பிக்கடை இருந்தது. சலவைக்கல் மேசையைச் சுற்றி வளைமர நாற்காலிகள் போடப்பட்டிருக்கும். சம்பளநாளில் நகரம் சென்ற தோட்டத் தொழிலாளி முதுகு சாய்த்து அமர்ந்தது பெரும்பாலும் அங்கேதான். அவ்வடிவத்தின் மூலம் மிகாயில் தோனெத் என்பார் 1859இல் ஆத்திரியப் பேரரசில் உருவாக்கிய நாற்காலி. பீச் மரக்கழியை நீராவியில் இளக்கி வளைத்து, ஆறே உறுப்புகளைத் திருகாணியால் இணைத்தது அது. கழற்றி அடுக்கினால் ஒரு கனமீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். உலகெங்கும் அது பரவியதற்கு அழகோடு இந்த அடக்கமும் ஒரு காரணம். கெடாவின் மரத்துக்கும் பின்னாளில் இதே வழி வாய்த்தது.

அம்மரம் பால்மரமே. ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் பால் வடித்தபின் அதனை வெட்டி மறுநடவு செய்வர். வெட்டிய மரத்தை யாரும் தச்சனிடம் கொண்டு செல்லவில்லை. லயத்து அடுப்பிலும், இரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்திலும் அது எரிந்தது. எஞ்சியது தோட்டத்திலேயே மக்கியது. 1967இல் பிறையில் இயங்கத் தொடங்கிய மலாயாவாத்தா எஃகாலை, தன் ஊதுலைக்கு இரப்பர் மரக்கரியைப் பயன்படுத்தியது. ஒரு தலைமுறை பால் தந்த மரம் கரியாகி இரும்பை உருக்கியது. நாற்காலியாகும் தகுதி அதற்கு உண்டென்று அன்று எவரும் எண்ணவில்லை.

காரணம் மரத்துக்குள்ளேயே இருந்தது. இரப்பர் மரத்தில் மாச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே நீலக்கறைப் பூஞ்சை படரும். பின்னர் வண்டுகள் துளைத்து மரத்தை மாவாக்கும். செங்கால் போன்ற மரங்கள் தாராளமாகக் கிடைத்த நாட்டில் இதனோடு மல்லுக்கட்ட எந்தத் தச்சனும் முன்வரமாட்டான். கெப்போங்கிலுள்ள வன ஆய்வுக்கழகம் செய்த ஆய்வுகள் நிலைமையை மாற்றின. மரத்தை வெட்டியவுடன் தாமதமின்றி அறுத்து, உருளையில் அடைத்து, காற்றை உறிஞ்சி, போராக்சும் போரிக் அமிலமும் கலந்த நீரை அழுத்தத்தோடு செலுத்தி, சூளையில் உலர்த்தும் முறை நிலைபெற்றது. 1970களின் பிற்பகுதியில் அது வணிகப் பொருளாயிற்று. வெளிர்மஞ்சள் நிறமும் சாயத்தை ஏற்கும் இயல்பும் அதற்கு 'மலேசிய ஓக்' என்னும் வணிகப் பெயரைப் பெற்றுத் தந்தன. தாவரவியல்படி ஓக் மரத்துக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை!

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பால் சீவும் தொழிலாளி உள்மரத்தைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்ப் பட்டையை விட்டுச் சீவவேண்டும். அதற்கடியில்தான் மரத்தை வளர்க்கும் மெல்லடுக்கு இருக்கிறது. உளி அதில் பட்டுவிட்டால், ஆறும் புண்ணில் முண்டு எழும்பும். அப்பகுதிப் பலகை கோணலாகும். அடிமரமே பருமனானது, சீவப்படுவதும் அதுவே. எனவே முப்பதாண்டுக்குப்பின் அறுவை ஆலையில் கிடைக்கும் பலகையின் தரத்தில், விடியலில் விளக்கு வெளிச்சத்தில் சீவிய கைகளின் நிதானமும் கலந்திருக்கிறது. அக்கைகளுள் பல தமிழ்ப் பெண்களுடையவை. தளவாட வரலாறு எழுதுவோர் வடிவமைத்தவரையும் இழைத்தவரையும் குறிப்பர். சீவியவரைக் குறித்து நான் படித்ததில்லை.

1986இல் வகுக்கப்பட்ட தொழில்துறைப் பெருந்திட்டம் மரத்தளவாட ஏற்றுமதியை ஊக்கியது. ஜொகூரின் மூவார் தளவாடத் தலைநகராயிற்று. கெடாவில் அறுவை ஆலைகளோடு, மரத்தை இழையாக்கிப் பலகையாக அழுத்தும் ஆலைகளும் எழுந்தன. மலேசிய மரத்தளவாட ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கு இரப்பர் மரத்தாலானது என்பது வணிக ஏடுகளின் வழக்கமான கணக்கு. தோனெத்தின் நாற்காலி போலவே இவையும் கழற்றிய உறுப்புகளாகவே பெட்டியில் ஏறிக் கடல் கடக்கின்றன.

அதே ஆண்டுகளில் தோட்டங்கள் செம்பனைக்கும், வீடமைப்புக்கும், தொழிற்பேட்டைக்கும் கைமாறின. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா அம்மாற்றத்தின் பெரிய அடையாளம். வெட்டிய மரத்துக்கு விலை கிடைத்தபோது, அவ்விலை நிலவுடைமையாளரையும் குத்தகையாளரையும் சேர்ந்தது. லயம் விட்டு வெளியேறியவருக்கு அதில் பங்கு என்னும் பேச்சே எழவில்லை. பால்மரப் பரப்புச் சுருங்கியதால் மூலப்பொருள் தட்டுப்பட்டது. 2017 ஜூலை முதல் அறுத்த இரப்பர் மரத்தின் ஏற்றுமதியை அரசு தடை செய்தது. ஒருகாலத்தில் மக்கவிட்ட மரம், நாட்டைவிட்டு வெளியே போகாதபடி காக்கப்படும் பொருளாயிற்று.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே இவ்வரலாற்றைக் காட்டலாம். இரப்பர் மரத்தாலான மேசை கிடைத்தால் மேற்பலகையைக் கூர்ந்து நோக்கச் சொல்லுங்கள். அது ஒரே பலகையன்று. ஒடுங்கிய கீற்றுகள் பல பக்கம் பக்கமாக ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கீற்றின் முனையும் விரல்களைக் கோத்தாற்போல அடுத்ததோடு பல்வரிசையாகப் பொருந்தியிருக்கும். முண்டும் கோணலும் வந்த இடங்களை வெட்டி நீக்கிய பின் எஞ்சிய நல்ல துண்டுகள் அவை.