கைவேலைக்கு யார் சான்று? நியூயார்க் கைவேலைக் கடை முதல் எட்சி வரை

கையால் செய்த பொருளை விற்பவருக்கு எந்தக் காலத்திலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. வாங்குபவரைத் தேடிப் பிடிப்பது ஒன்று. இது கையால் செய்ததுதான் என்று அவரை நம்பவைப்பது மற்றொன்று. முதல் சிக்கலை இணையம் பெருமளவு தீர்த்துவிட்டது. இரண்டாவதையும் தீர்த்ததா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. கைவினைப் பொருள்களுக்கான இணையச் சந்தைகளில் உலக அளவில் முதன்மையானதாக வளர்ந்த எட்சி நிறுவனத்தின் வரலாற்றை, அதற்கு 127 ஆண்டுகள் முந்தைய ஒரு கடையின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் விடை புலப்படுகிறது.

அந்தக் கடை நியூயார்க்கில் 1878-இல் தொடங்கிய பெண்கள் கைவேலைப் பரிவர்த்தனைக் கடை. அமெரிக்க உள்நாட்டுப் போர் பல குடும்பங்களில் சம்பாதிக்கும் ஆண்களைப் பறித்திருந்தது. 1873-இல் வந்த பொருளாதார வீழ்ச்சி இருந்த சேமிப்பையும் கரைத்தது. ஆனாலும் நடுத்தரக் குடும்பத்துப் பெண் வெளியே போய் வேலை செய்வது கௌரவக் குறைச்சலாகவே கருதப்பட்டது. இந்த முட்டுச்சந்துக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் துணி அலங்காரக் கலைஞர் கேண்டஸ் வீலர். பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்து கொடுப்பார்கள். கடை அதை விற்றுக் கொடுக்கும். செய்தவர் பெயர் வாங்குபவருக்குத் தெரியாது. விற்ற விலையில் 10 விழுக்காடு கடைக்கு, மீதி செய்தவருக்கு. இதே நோக்கத்தோடு பிலடெல்பியாவில் 1830-களிலேயே ஒரு கடை இருந்தது என்றாலும், இந்த முறை நாடெங்கும் பரவியது நியூயார்க் கடைக்குப் பிறகுதான்.

இதற்கு ஓராண்டு முன்பு, 1877-இல், வீலர் அலங்காரக் கலைச் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அங்கே உயர்ந்த கலைத்தரமுள்ள வேலைப்பாட்டுக்கே இடம். தரம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்கும் பசி இருந்தது. புதிய கடை பழப்பாகு, ஊறுகாய், கேக், குழந்தைச் சட்டை என்று விற்கக்கூடிய எதையும் ஏற்றது. எது கைவினை, அதை யார் முடிவு செய்வது என்ற சண்டை அன்றே தொடங்கிவிட்டது என்பதற்கு இந்த இரு நிறுவனங்களே சான்று. ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: கடைக்கு வந்த பொருளை ஒரு குழு கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தது. அந்தப் பத்து விழுக்காட்டுக்குள் இந்தப் பரிசோதனைக்கான கூலியும் அடங்கியிருந்தது என்று சொல்லலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பொறுப்பு கைவினைக் கண்காட்சிகளிடம் போனது. 1966-இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோவ் ஊரில் தொடங்கி, பின்னர் நியூயார்க் மாநிலத்தின் ரைன்பெக்குக்கு இடம் மாறிய கண்காட்சி இதற்கு முன்மாதிரி. நடுவர் குழு தேர்ந்தெடுத்தவர்களே அங்கே கடை போட முடியும். குயவர் தன் பானைக்குப் பக்கத்திலேயே நிற்பதால் தனியாகச் சான்று தேவைப்படவில்லை; அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். 2003-இல் சிகாகோவில் தொடங்கிய ரெனிகேட் கண்காட்சியில் இளைஞர் கூட்டம் இந்த மரபைத் தன் பாணியில் மறுபடி கையிலெடுத்தது.

இந்தக் கூட்டத்தை நம்பித்தான் 2005 ஜூனில் புரூக்ளினில் எட்சி பிறந்தது. நிறுவனர்களில் ஒருவரான ராப் கேலின் மரவேலை செய்பவர். மரப்பெட்டிக்குள் அடைத்த கணினிகளை விற்க இடம் தேடியவர். 1995-இலிருந்தே ஈபே இருந்தது. ஆனால் அங்கே கைவேலை பழைய கேமராக்களுக்கும் கிரிக்கெட் மட்டைகளுக்கும் நடுவே தொலைந்துபோகும். எட்சி மூன்று வகைப் பொருள்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது: கையால் செய்தவை, இருபது ஆண்டுகளுக்குக் குறையாத பழம்பொருள்கள், கைவினைக்கான மூலப்பொருள்கள். பட்டியலிடச் சில்லறைக் காசு, விற்றால் 3.5 விழுக்காடு. பரிவர்த்தனைக் கடையின் பத்து விழுக்காட்டோடு ஒப்பிட்டால் இது கொள்ளை மலிவு. ஆனால் அந்தக் கடை செய்த ஒரு வேலையை எட்சி செய்யவில்லை. பொருளை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. விற்பவர் தானே செய்தேன் என்று சொன்னால் போதும். சந்தேகம் வந்தால் புகார் சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் சக விற்பனையாளர்களே.

சில ஆயிரம் பேர் இருந்தவரை இந்த ஏற்பாடு ஓடியது. 2012-இல் உடைந்தது. நிறுவனமே சிறப்பாக அறிமுகப்படுத்திய ஒரு மரச்சாமான் கடையின் பொருள்கள் வெளிநாட்டுப் பட்டறையில் செய்யப்பட்டவை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஆத்திரமடைந்த விற்பனையாளர்கள் சிலர் தங்கள் கடைகளை அடையாளமாக மூடினார்கள். மறு ஆண்டு அக்டோபரில், அப்போதைய தலைமை நிர்வாகி சாட் டிக்கர்சன் விதிகளை மாற்றினார். ஆள் வைத்துச் செய்யலாம், வெளியே உற்பத்தி செய்து வாங்கலாம். வடிவமைப்பு விற்பவருடையதாக இருந்து, உற்பத்தி செய்வது யார் என்பதையும் சொன்னால் போதும்.

இந்த மாற்றத்தைத் துரோகம் என்று எழுதுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதம் இருபது ஸ்வெட்டர் பின்னியவருக்கு இருநூறு ஆர்டர் வந்தால் அவர் என்ன செய்வார்? பட்டறை வைத்து ஆட்களோடு சேர்ந்து செய்வதும் கைவினை மரபுதான். ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மாரிஸ் செய்ததும் அதுவே. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. வாசலை அகலப்படுத்தியவர்கள், அந்த அகலத்துக்கு ஏற்பக் காவலை அமர்த்தவில்லை.

2015 ஏப்ரலில் எட்சி பங்குச் சந்தைக்கு வந்தது, ஒரு பங்கு 16 டாலர் விலையில். அப்போது அது தாக்கல் செய்த ஆவணப்படி 14 லட்சம் விற்பனையாளர்கள். அவர்களில் 86 விழுக்காட்டினர் பெண்கள், 95 விழுக்காட்டினர் வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள். 1878-இன் பெண் மறுபடி இங்கே தெரிகிறாள்; இந்த முறை பெயரோடும் புகைப்படத்தோடும். 2017-இல் முதலீட்டாளர் நெருக்கடியில் டிக்கர்சன் வெளியேறினார், ஜோஷ் சில்வர்மன் வந்தார், பணியாளர்கள் பலர் நீக்கப்பட்டார்கள். சமூகப் பொறுப்புள்ள நிறுவனம் என்ற பி-கார்ப் சான்றிதழையும் அதே ஆண்டு கைவிட்டார்கள். 2018-இல் தரகு 5 விழுக்காடானது. அனுப்பும் செலவின் மீதும் அது வசூலிக்கப்பட்டது.

அப்புறம் கொரோனா வந்தது. 2020-இன் இரண்டாம் காலாண்டில் மட்டும் 34.6 கோடி டாலர் மதிப்புள்ள முகக்கவசங்கள் எட்சியில் விற்றன. தையல் இயந்திரம் இருந்த வீடெல்லாம் கடையானது. ஓராண்டில் விற்பனையாளர் எண்ணிக்கை 27 லட்சத்திலிருந்து 44 லட்சமானது. அந்த ஆண்டுதான் வெளித்தள விளம்பரத் திட்டமும் வந்தது: எட்சி வேறு தளங்களில் கொடுக்கும் விளம்பரத்தைச் சொடுக்கி ஒருவர் வாங்கினால், விற்பவர் கூடுதலாக 15 விழுக்காடு தர வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றவர்களுக்கு 12 விழுக்காடு. ஆனால் அவர்களால் திட்டத்திலிருந்து விலக முடியாது. 2022 ஏப்ரல் 11 அன்று தரகு 6.5 விழுக்காடாக உயர்ந்தது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஒரு சிறு கடைக்காரர் 30 டாலருக்குக் கம்மல் விற்கிறார், அனுப்பும் செலவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். பட்டியலிட 20 சென்ட். தரகு 1.95 டாலர். பணம் பெற்றுத் தருவதற்கு 3 விழுக்காடும் 25 சென்டும், அதாவது 1.15 டாலர். விளம்பரம் வழியாக வந்த வாடிக்கையாளர் என்றால் இன்னும் 4.50. மொத்தம் 7.80 டாலர், விலையில் 26 விழுக்காடு. கேண்டஸ் வீலர் காலத்துக் கடை இதே கம்மலுக்கு 3 டாலர் எடுத்திருக்கும். கம்மலைக் கையில் எடுத்தும் பார்த்திருக்கும்.

தரகு உயர்ந்த அன்றே வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு வாரம் நடந்தது. ஆதரவு மனுவில் 80,000-க்கும் அதிகமானோர் கையெழுத்திட்டனர். உயர்வைத் திரும்பப் பெறுவது மட்டும் அவர்கள் கோரிக்கையாக இருக்கவில்லை. மொத்தமாக வாங்கிக் கைவேலை என்று விற்கும் ரீசெல்லர்களை அகற்ற வேண்டும் என்பதும் அதே மனுவில் இருந்தது. தரகும் சான்றும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள் என்பதை ஆய்வாளர்களுக்கு முன்பே விற்பனையாளர்கள் கண்டுகொண்டார்கள்.

நம் ஊர் நிலைமை வேறு பாதையில் வந்தது. சுடுமண் நகை, பட்டுநூல் வளையல், குரோஷே பொம்மை, ஆரி வேலைப்பாடு செய்யும் தமிழ்ப் பெண்களில் பலருக்குக் கடை இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப் குழுவும்தான். அதற்குப் பல காரணங்கள். சட்டமும் அவற்றில் ஒன்று என்று கருத இடமுண்டு. ஜி.எஸ்.டி வந்தபின், பணத்தை வசூலித்துக் கொடுக்கும் மின்வணிகத் தளம் வழியாகப் பொருள் விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு சிறியதானாலும் பதிவு செய்தாக வேண்டும் என்பது பொது விதி. மாநிலத்துக்குள் விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு இதிலிருந்து விலக்கு கிடைத்தது 2023 அக்டோபர் 1 முதல்தான். குழுவில் படம் போட்டு, ஜிபேயில் பணம் வாங்கி, கூரியரில் அனுப்புவதில் தரகு இல்லை. சான்றும் இல்லை.

எட்சி 2024 ஜூலையில் புதிய அடையாளங்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பொருளும் விற்பவர் செய்ததா, வடிவமைத்ததா, தேர்ந்தெடுத்ததா, தருவித்ததா என்று காட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் சொல்லி வரைந்து வாங்கிய படமும் ‘வடிவமைத்தது’ என்ற வகைக்குள் வரலாம். அடையாளத்தைத் தேர்ந்தெடுப்பவர் விற்பவரே. 2005-இல் இருந்த நிலைதான், பெட்டிகள் மட்டும் கூடியிருக்கின்றன.

வேலைநிறுத்தக்காரர்கள் 2022-இல் தனி விற்பனையாளர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அந்த இயக்கத்திலிருந்து பிறந்த கைவினைஞர் கூட்டுறவு 2023 அக்டோபரில் சொந்த இணையச் சந்தையைத் திறந்தது. உறுப்பினர்களே உரிமையாளர்கள், எது கைவினை என்பதும் அவர்கள் கையில். 1935-இல் கோ-ஆப்டெக்ஸைத் தொடங்கிய தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை புதிதல்ல. எட்சியின் அளவோடு ஒப்பிட்டால் அந்தச் சந்தை மிகச் சிறியது. ஆனால் 1878-க்குப் பிறகு இந்த வரலாற்றில் வந்துபோன நிறுவனங்களில், சான்று சொல்லும் உரிமையைச் செய்பவர்களிடமே கூட்டாகக் கொடுத்திருப்பது அது ஒன்றுதான்.