ஆளறிதலும் வினையறிதலும்: படைத்துறை உளவு அலுவலர் தேர்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திருக்குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' 51ஆம் அதிகாரமாகவும் 'தெரிந்து வினையாடல்' 52ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வகுப்பறையில் இவ்விரண்டையும் ஒரே பொருளின் இரு பகுதிகளாகக் கொண்டு விரைந்து கடந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. முன்னது ஆளை ஆராய்வது; பின்னது ஆராய்ந்து தெளிந்த ஆளை அவருக்கேற்ற வினையில் அமர்த்துவது. ஒருவர் நம்பத்தக்கவரா என்னும் வினாவும், குறித்த ஒரு பணிக்கு அவர் பொருந்துவாரா என்னும் வினாவும் வேறானவை என்பது வள்ளுவர் கொண்ட பகுப்பு. படைத்துறை உளவுப் பணிக்கு ஆள் தேர்ந்த முறைகளின் வரலாற்றை இப்பகுப்பின் துணைகொண்டு நோக்கினால், முதல் வினாவிற்கு விடைகாண மிகுந்த அறிவும் உழைப்பும் செலவிடப்பட்டிருப்பதையும், இரண்டாம் வினா பெரிதும் கைவிடப்பட்டிருப்பதையும் காண்கிறோம். மலாயா இந்தியர் வரலாற்றையும் தொட்டுச் செல்லும் செய்தி இது.

அரசின் மறைபொருள்களை அறியும் பணிக்கு உரியவரை எவ்வாறு சோதிப்பது என்பதை விரிவாகப் பேசும் இந்திய நூல்களுள் கௌடலீயரின் அர்த்தசாத்திரம் தலையாயது. அமைச்சரின் உள்ளத்தூய்மையை அறிய நால்வகைச் சோதனைகளை அந்நூல் வகுக்கிறது. அறத்தின் பெயரால் அரசனுக்கு எதிராகத் தூண்டுதல், பொருளாசை காட்டுதல், அரசமாதேவி விரும்புவதாகச் சொல்லி மயக்குதல், உயிருக்கு இடையூறு என்று அஞ்சச் செய்தல் என்பன அவை. வடமொழியில் 'உபதா' எனப்படும் இச்சோதனைகளைப் பரிமேலழகர் 'உபதை' என்ற பெயராலேயே தெரிந்து தெளிதல் அதிகாரத்தின் முதற்குறள் உரையில் விளக்குகிறார். அர்த்தசாத்திரத்தின் ஏட்டுச்சுவடியைக் கொண்டு ஆர். சாமசாஸ்திரி அதனை 1909இல் மைசூரில் பதிப்பித்த பின்னரே அந்நூல் உலகின் கவனத்தைப் பெற்றது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே குறளை உரையுடன் பாடங்கேட்ட தமிழ் மாணவர்கள் இந்நான்கு சோதனைகளையும் அறிந்திருந்தனர் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

நம் நோக்கிற்கு முதன்மையானது, சோதனைகளை அடுத்துக் கௌடலீயர் சொல்வது. அறச்சோதனையில் தேறியவரை நீதி வழங்கும் பணியிலும், பொருட்சோதனையில் தேறியவரை வரி தண்டுதல், கருவூலம் ஆகியவற்றிலும், இன்பச்சோதனையில் தேறியவரை அரண்மனையின் அகத்தும் புறத்தும் உள்ள இன்பவிடங்களின் காவலிலும், அச்சச்சோதனையில் தேறியவரை அரசனை அணுகியிருந்து செய்யும் பணிகளிலும் அமர்த்துக என்கிறார். நான்கிலும் தேறியவரே அமைச்சர். எதிலும் தேறாதவருக்கும் சுரங்கம், காடு போன்றவற்றில் இடம் உண்டு. ஒவ்வொரு சோதனையும் ஒரு பணியை முன்னிறுத்தியே அமைந்துள்ளது. மேலும், இச்சோதனைகளுக்கு அரசனையோ அரசியையோ இலக்காக்கலாகாது என்றும், மாசற்றவரை மாசுபடுத்துவது தூய நீரில் நஞ்சு கலப்பதை ஒக்கும் என்றும் அவர் எச்சரிக்கிறார். சோதிப்பவரின் கை சோதிக்கப்படுபவரைக் கெடுக்கவும் கூடும் என்னும் இவ்வெண்ணம் பிற்காலத் தேர்வாளர்களிடம் அரிதாகவே காணப்படுகிறது.

இனி, இருபதாம் நூற்றாண்டிற்கு வருவோம். இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை அலுவலர் பதவிக்கு விண்ணப்பித்தவரைச் சில நிமிட நேர்காணலால் தேர்ந்தது. பயின்ற பள்ளியும் குடும்பப் பின்னணியும் விளையாட்டுத் திறனும் அந்நேர்காணலில் பேரெடை பெற்றன. அவ்வாறு தேர்ந்தவருள் பலர் பயிற்சிக்குத் தகுதியற்றவரெனத் திருப்பி அனுப்பப்பட்டதால் 1942இல் புதிய தேர்வு வாரியங்கள் உருவாயின. உளவியலாரும் மனநல மருத்துவரும் படை அலுவலரோடு அமர்ந்து, விண்ணப்பதாரர்களைச் சில நாள்கள் ஒருங்கே தங்கவைத்துக் கவனித்தனர். தலைவர் எவரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் ஒரு வேலையை ஒப்படைத்து, யார் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்று நோக்கும் முறை வில்பிரட் பயன் என்ற மனநல மருத்துவரின் பங்களிப்பாகும்.

இம்முறையை உளவுப் பணிக்கென்றே வளர்த்தெடுத்தவர்கள் அமெரிக்கர்கள். 1942இல் தோன்றிய ஓ.எஸ்.எஸ். என்னும் உளவு நிறுவனம் தொடக்கத்தில் பெரிதும் அறிமுகத்தின் வழியே ஆள் சேர்த்தது. அதனால் வெளிநாடுகளில் நேர்ந்த பிழைகள் மிகவே, பிரிட்டிஷ் முன்மாதிரியைப் பின்பற்றி 1943 டிசம்பரில் வர்ஜீனியா மாநிலத்தின் பேர்பாக்ஸ் பகுதியிலிருந்த ஒரு பண்ணை வீட்டில் 'எஸ் நிலையம்' எனப்பட்ட தேர்வகத்தை அமைத்தது. அதன் வழிகாட்டிகளுள் முதன்மையானவர் ஹார்வர்டு உளவியலார் ஹென்றி மர்ரே.

அங்கு வந்தவர்கள் தம் உடைகளைக் களைந்து படையின் வேலையுடையை அணிந்தனர். படைப்பதவி, பட்டம், பெயர் எதுவும் உடன்வரலாகாது. ஒவ்வொருவரும் ஒரு புனைபெயரும் புனைந்த வாழ்க்கை வரலாறும் கொண்டு மூன்று நாள்களுக்கு மேல் வாழவேண்டும். அப்புனைவை உடைக்கத் தேர்வாளர்கள் உணவு மேசையிலும் உரையாடலிலும் ஓயாது முயல்வர். படைத்தளபதியும் சிப்பாயும் ஒரே உடையில் அருகருகே அமர்ந்து போட்டியிட்ட இவ்வேற்பாடு, பள்ளியையும் குடும்பத்தையும் கேட்ட பழைய நேர்காணலுக்கு நேர்மாறானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சோதனைகளுள் கட்டுமானச் சோதனை என்பது தனித்துக் குறிப்பிடத்தக்கது. பெரிய மரக்கழிகளையும் இணைப்புக் கட்டைகளையும் கொண்டு பத்து நிமிடத்தில் ஒரு சட்டகத்தை எழுப்பவேண்டும். உதவிக்கு இருவர் தரப்படுவர். ஒருவர் சோம்பி நிற்பார். மற்றவர் குறைகூறிக்கொண்டே வேலையைக் குலைப்பார். இருவரும் உண்மையில் தேர்வாளர்களே. குறித்த நேரத்தில் எவரும் அவ்வேலையை முடித்ததில்லை. முடிக்கவேண்டும் என்பது நோக்கமும் அன்று. சினமும் ஏமாற்றமும் பெருகும்போது ஒருவர் எவ்வாறு தம்மை ஆள்கிறார் என்பதே அங்கு நோக்கப்பட்டது. மற்றொரு சோதனையில், அரசு அலுவலகத்தில் நள்ளிரவில் மறைகோப்புகளைப் புரட்டியபோது பிடிபட்டதாகக் கொண்டு, பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பொய்க்காரணத்தைப் புனைந்து, கண்ணைக் கூசச்செய்யும் விளக்கின்முன் குறுக்கு விசாரணைக்கு ஈடுகொடுக்கவேண்டும். அது முடிந்ததும் தோற்றுவிட்டதாக அறிவிக்கப்படும். பின்னர் இன்னோர் அறையில் கனிவான ஒருவர் காத்திருப்பார். இறுகிய மனம் தளரும் அந்நேரத்தில் விண்ணப்பதாரர் தம் புனைவை மறந்து உண்மையைச் சொல்லிவிடுகிறாரா என்பதை அவர் கவனிப்பார். பரிமேலழகர் உரையில் வரும் அச்ச உபதையின் சாயலை இதில் காண்பவர் பிழை செய்தவராகார். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே சோதனை நடப்பதே அமைச்சருக்குத் தெரியாது. இங்கே சோதிக்கப்படவே தாம் வந்திருப்பது விண்ணப்பதாரருக்குத் தெரியும்.

எஸ் நிலையத்திலும், ஒரே நாளில் சோதனையை முடிக்கும் வகையில் 1944இல் வாஷிங்டனில் தொடங்கிய நிலையத்திலுமாக 5,391 பேர் மதிப்பிடப்பட்டனர். அவ்வனுபவத்தை மர்ரேயும் உடன் பணியாற்றியோரும் 1948இல் ஒரு நூலாக வெளியிட்டனர். அந்நூலின் சிறப்பு அதன் நேர்மை. தம் மதிப்பீடுகளைக் களத்தில் அவ்வலுவலர்கள் காட்டிய செயல்திறனோடு ஒப்பிட்டு, இரண்டிற்கும் இடையேயான பொருத்தம் தாம் எதிர்பார்த்த அளவினது அன்று என்பதை அவர்களே புள்ளிவிவரத்தோடு ஒப்புக்கொண்டனர். காரணங்களுள் ஒன்று நம் கருத்திற்குரியது. விண்ணப்பதாரர் செல்லவிருக்கும் நாட்டையும் பணியையும் பற்றித் தேர்வாளர்கள் அறிந்தது மிகக் குறைவு. ஒரு பணிக்கெனத் தேறியவர் கடல் கடந்து சென்றபின் வேறொரு பணியில் அமர்த்தப்படுவதும் வழக்கமாக இருந்தது. ஆகவே ஆளைப் பொதுவாக மதிப்பிடுவதன்றி அவர்களுக்கு வேறு வழி இல்லை. 51ஆம் அதிகாரத்தின் வேலையை அவர்கள் வியக்கத்தக்க முறையில் செய்தனர். 52ஆம் அதிகாரத்தின் வேலை அவர்கள் கையில் தரப்படவேயில்லை.

இந்தியாவிலும் இதே மரபு தொடர்கிறது. பிரிட்டிஷ் வாரியங்களின் முறை 1943இல் டேராடூனுக்கு வந்தது. இன்றைய இந்தியப் படை அலுவலர் தேர்விலும் குழுப்பணிகள் உண்டு. படத்தைப் பார்த்துக் கதை எழுதும் உளவியல் சோதனையும் உண்டு. அச்சோதனையை 1935இல் உருவாக்கி வெளியிட்டவர்களும் கிறிஸ்டியானா மார்கனும் மர்ரேயுமே ஆவர். விண்ணப்பதாரர் பொதுவாக அலுவலராகத் தகுந்தவரா என்பதையே வாரியம் முடிவு செய்கிறது. அவர் உளவுப் பிரிவிற்குச் செல்வாரா, காலாட்படைக்குச் செல்வாரா என்பது பயிற்சிக் கழகத்தில் பின்னரே தீர்மானமாகிறது.

எஸ் நிலையம் தோன்றுவதற்கு ஓராண்டிற்கு முன்பே, போரின் எதிரணியில், நம் பினாங்கிலும் உளவுப் பணிக்கு இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஜப்பானிய ஆட்சிக் காலமாகிய 1942இல் இந்திய சுதந்திரக் கழகத்தின் சார்பில் அங்குச் சுயராஜ்ய நிறுவனம் தொடங்கப்பட்டது. பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன் அதன் பொறுப்பை ஏற்றிருந்தார். இந்தியாவிற்குள் நுழைந்து பரப்புரையும் உளவும் செய்ய இளைஞர்களுக்கு அங்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. வந்தவர்கள் விடுதலை வேட்கையால் தாமே முன்வந்தவர்கள். தூண்டுதலின் வலிமையைக் கொண்டு மதிப்பிடுவதாயின் எஸ் நிலையத்தின் எந்த அளவுகோலிலும் அவர்கள் உயர்ந்தே நின்றிருப்பர்.

ஆனால் அவர்களை எந்த வினையில் அமர்த்துவது என்பதை முடிவு செய்தது யார் என்பதே சிக்கலாயிற்று. நிறுவனம் கழகத்தின் ஆளுகைக்கு உட்பட்டது என்று ராகவன் கருதினார். இந்தியருடனான தொடர்பிற்குப் பொறுப்பாயிருந்த இவாகுரோவின் ஜப்பானிய அமைப்போ, அதனைத் தன் போர்த்தேவைக்கு ஆள் தரும் இடமாகக் கொண்டது. ராகவனுக்குத் தெரிவிக்காமலேயே மாணவர் சிலர் அழைத்துச் செல்லப்பட்டபோது அவர் எதிர்த்து நிறுவனத்தை மூடினார், வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1942ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானியருக்கும் இந்திய இயக்கத் தலைவர்களுக்கும் இடையே மூண்ட பெரும்பிணக்கின் ஒரு பகுதி இது. இந்நிகழ்ச்சியை நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அதிகாரப் போட்டியாகவே சொல்லிச் செல்கின்றன. ஓர் ஆசிரியர், தம் மாணவர் எங்கே, எதற்காக அனுப்பப்படுகிறார் என்பதை அறியும் உரிமைக்காக எழுப்பிய குரலாகவும் இதனை வாசிக்கலாம் என்பது நம் கருத்து.

அதற்குள் சிலர் புறப்பட்டுச் சென்றுவிட்டனர். 1942 செப்டம்பர் இறுதியில் ஒரு குழுவினர் நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டு மலபாரின் தானூர்க் கடற்கரையில் இறங்கினர். மற்றொரு குழு கத்தியவார்க் கரையை அடைந்தது. வேறு சிலர் பர்மா எல்லை வழியே சென்றனர். தானூரில் இறங்கியவர்கள் விரைவிலேயே பிடிபட்டனர். பிடிபட்டோர் மீதான வழக்கு சென்னையில் தனி நீதிமன்றத்தில் நடைபெற்றது. வக்கம் அப்துல் காதர், அனந்தன் நாயர், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வரும் 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். திருவிதாங்கூரிலிருந்து மலாயாவிற்கு வந்திருந்த காதருக்கு அப்போது வயது 26.