ப்ரூஹெரியா

ஸ்பானிய மொழியில் சூனியத்துக்கு இரண்டு சொற்கள். 'எச்சிசெரியா' என்பது மருந்தும் மந்திரமும் வைத்து வசியம் செய்வது. 'ப்ரூஹெரியா' அப்படியல்ல. அதன் வேர் எதுவென்று பண்டிதர்களுக்கே நிச்சயமில்லை. ஆனால் விசாரணை செய்த பாதிரிமார்களுக்கு அர்த்தம் நிச்சயமாகத் தெரிந்திருந்தது: சாத்தானோடு உடன்படிக்கை, இரவில் ஆகாய சஞ்சாரம், ரகசியக் கூட்டம்.

1610 நவம்பரில், லோக்ரோன்யோ நகரில், இந்தச் சொல்லுக்காக ஆறு பேரை உயிரோடு கொளுத்தினார்கள். சிறையிலேயே மாண்டுபோன ஐந்து பேருக்காக உருவப் பொம்மைகள் எரிந்தன. 'நான் சூனியக்காரியே' என்று ஒப்புக்கொண்டவர்களுக்கு மன்னிப்பு உண்டு. கடைசிவரை இல்லையென்று சாதித்தவர்களுக்குத்தான் நெருப்பு! விநோதமான நியாயம்.

தீர்ப்பளித்த மூவரில் ஒருவர் சலாசார். மறுவருஷம் அவரே பாஸ்க் மலைக்கிராமங்களில் அலைந்து 1,802 பேருடைய வாக்குமூலங்களைக் கேட்டார். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பறப்பதற்கான தைலம் என்று கொண்டுவந்ததைப் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நேரவில்லை. சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரியும் இருந்ததில்லை என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார். 1614-ல் மேலிடம் அதை ஏற்று விதிகளைக் கடுமையாக்கிற்று. கட்டலோனியாவின் ஊர் நீதிமன்றங்கள் மட்டும் அதற்குப் பிறகும் பெண்களைத் தூக்கிலிட்டு வந்தன.

அந்தச் சொல்லின் வாரிசான 'எம்ப்ரூஹோ'வை இன்று ஓர் ஊரின் மயக்கும் அழகைப் புகழக்கூட உபயோகிக்கிறார்கள்.